விண்மீன் கட்டாத வீடுகளும் டோனாவூர் அம்மாவும்

டிசம்பர் பிறந்துவிட்டால் தென்மாவட்டச் சிற்றூர்களில் கிறிஸ்தவர் வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாசலில் தொங்கும் காகித விண்மீனே சொல்லிவிடும். ஆனால், அதே தெருவில் விண்மீன் இல்லாத கிறிஸ்தவர் வீடும் ஒன்றிரண்டு இருக்கும். அந்த ஆண்டில் சாவு நிகழ்ந்த வீடு அது. அங்கே புத்தாடை இல்லை. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறுவதில்லை. இரவில் கீதம் பாடிவரும் இளைஞர் குழு அந்த வாசலில் மேளத்தை நிறுத்திக்கொண்டு, ஒரு ஜெபம் மட்டும் செய்துவிட்டு மெல்லக் கடந்துபோகும். பண்டிகை நாளில் பலகாரம் பக்கத்து வீட்டிலிருந்து வரும். இந்து வீடுகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உள்ள அதே வழக்கம்தான் இது. சமயம் மாறியபோதும் துக்கத்தின் முறை மாறவில்லை.

இந்த வழக்கத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை. இழந்தவரைச் சிரிக்கச் சொல்லி வற்புறுத்தாத நாகரிகம் அதில் இருக்கிறது. ஆயினும் ஒரு கேள்வி நெடுநாளாக உறுத்துகிறது. கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி என்பது குறையொன்றும் இல்லாத வீடுகளுக்கு மட்டும் உரியதுதானா? அப்படியென்றால் அந்த மகிழ்ச்சி பெரும்பாலான வீடுகளுக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் உரியதே அல்ல. இதற்கான விடையை நூல்களில் தேடுவதைவிட, பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஐம்பதாண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து மறைந்த ஒருவரின் வாழ்க்கையில் தேடுவது பயனுடையது என்று நினைக்கிறேன். டோனாவூர் அம்மா என்று இங்கே அறியப்பட்ட ஏமி கார்மைக்கேல்தான் அவர்.

1867 டிசம்பர் 16 அன்று, அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்னும் கடலோரச் சிற்றூரில் அவர் பிறந்தார். மாவு ஆலை நடத்திய வசதியான குடும்பம். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். பதினேழாம் வயதில், 1885-இல், தந்தையை இழந்தார். குடும்பத்தின் செல்வமும் ஏறத்தாழ அதே காலத்தில் கரைந்தது. பெல்ஃபாஸ்ட் நகரின் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்காக அவர் பணி தொடங்கியது அதற்குப் பின்னர்தான். 1893-இல் ஜப்பானுக்குச் சென்றார். உடல்நலம் கெட்டு, இலங்கை வழியாகத் தாயகம் திரும்பினார். 1895 நவம்பரில் பெங்களூரு வந்திறங்கினார். மறு ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். 1951-இல் இறக்கும் வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. அக்கால மிஷனரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் தாயகம் செல்வது வழக்கம். அதையும் அவர் வேண்டாம் என்றே விட்டுவிட்டார்.

என் ஊர் சங்கரன்கோவிலுக்கு வடக்கே, இராஜபாளையம் சாலையில் உள்ள கரிவலம்வந்தநல்லூர். யானை வலம்வந்த ஊர் என்பது பெயரின் பொருள். பால்வண்ணநாதர் கோயிலும் ஆவணித் தபசும்தான் ஊரின் அடையாளம். கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே. இங்கிருந்து டோனாவூர் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எனினும் அம்மையாரின் பெயர் எங்கள் பக்கத்துக்கு வேறொரு வழியில் நெருக்கமானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் புலமையை விட்டு வந்து, 1854 முதல் வடதிருநெல்வேலிச் சிற்றூர்களில் கூடாரம் அடித்துத் தங்கி ஊழியம் செய்தவர் ராக்லண்ட் ஐயர். 1858 அக்டோபரில் சிவகாசியில் திடீரென இரத்தம் கக்கி அவர் இறந்தபோது, பின்வருவோர் சுட்டிக்காட்டும்படியான பலன் எதுவும் அவர் கைக்குக் கிட்டியிருக்கவில்லை. ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த அந்த மனிதரின் வாழ்க்கையை 1922-இல் நூலாக எழுதியவர் ஏமி அம்மையார். வெற்றி பெற்றவர்களைவிட, விதைத்துவிட்டு விளைச்சல் காணாமல் போனவர்கள்பால் அவருக்கு ஓர் ஈர்ப்பு இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

1901 மார்ச் மாதம், அப்போது அவர் தங்கியிருந்த பண்ணைவிளைக்கு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்தாள். பிரீனா என்ற பெயரால் பின்னாளில் அறியப்பட்டவள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிட இருந்த வீட்டிலிருந்து தப்பி வந்தவள் அவள். அதற்கு முன்பும் ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் போயிருக்கிறாள். தாயே திருப்பி அனுப்பிவிட்டாள். தண்டனையாகக் கைகளில் சூடு போட்டார்கள். அந்தக் குழந்தை தன் மடியில் உட்கார்ந்து சொன்னவற்றைக் கேட்ட பின், ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்யும் பழைய வாழ்க்கையை அம்மையாரால் தொடர முடியவில்லை. அதே ஆண்டில் டோனாவூருக்குக் குடிபெயர்ந்தார். டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் நன்கொடையால் ரேனியஸ் ஐயர் காலத்தில் உருவான, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் குக்கிராமம் அது. 1913 வாக்கில் அங்கே நூற்று முப்பது குழந்தைகள் இருந்தார்கள்.

அம்மையாரின் எழுத்துகளில் இந்து சமயத்தைப் பற்றி வரும் கடுமையான சித்திரிப்புகளை இன்று படிக்கும்போது நெருடுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கொடுமையைக் கண்ட கோபம், ஒரு சமூகம் முழுவதன்மீதான தீர்ப்பாக அவரிடம் சில இடங்களில் மாறிவிடுகிறது. அந்தக் கொடுமை உண்மையானது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் பல்லாண்டு போராடி, 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதைக் காணும் வரை அம்மையார் உயிரோடிருந்தார்.

இனி, துக்கத்துக்கு வருகிறேன்.

பிறந்த சில நாள்களே ஆன குழந்தைகள் டோனாவூருக்கு வரத் தொடங்கியது 1904-இல். அவர்களைக் காப்பது எளிதாக இல்லை. பாலூட்ட முன்வரும் பெண்கள் கிடைப்பது அரிது. பிற சாதிக் குழந்தைக்குப் பால் கொடுப்பதை ஊர் ஏற்காது. பசும்பால் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. அருகில் மருத்துவர் இல்லை. நெய்யூர் மருத்துவமனைக்கு மாட்டுவண்டியில் ஒரு நாளுக்கும் மேற்பட்ட பயணம். முதலில் வந்தவர்களுள் ஒரு குழந்தைக்கு இந்திரநீலா என்று பெயரிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் செல்லக் குழந்தை. அயர்லாந்திலிருந்து வந்து அப்போது மகளோடு தங்கியிருந்த அம்மையாரின் தாய், பாட்டியாகவே மாறி அந்தப் பச்சிளங் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். 1905 ஜனவரி 6 அன்று இந்திரநீலா இறந்தாள்.

நாளைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் கழிந்து பன்னிரண்டாம் நாள். கிழக்கிலிருந்து விண்மீனைப் பின்தொடர்ந்து வந்த ஞானியர், குழந்தையைக் கண்டு மகிழ்ந்ததைத் திருச்சபை கொண்டாடும் பிரசன்னத் திருநாள். உலகெங்கும் ஒரு குழந்தையைக் கண்டடைந்த நாளாக நினைக்கப்படும் அன்றைக்கு, டோனாவூரில் ஒரு குழந்தையைப் புதைத்தார்கள்.

இப்படிப்பட்ட நாளை ஒரு தாய் என்ன செய்வாள்? நாட்காட்டியில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுக் கடக்கலாம். ஆண்டுதோறும் அந்நாளில் கதவைச் சாத்திக்கொண்டு அழலாம். இரண்டையும் தவறென்று யாரும் சொல்ல முடியாது. அம்மையார் மூன்றாவது ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு மாதத்தின் ஆறாம் தேதியையும், ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்காக ஜெபிக்கும் நாளாக டோனாவூரில் வைத்தார். இந்திரநீலாவின் இறப்பு அவர்களுடைய நாட்காட்டியிலிருந்து மறையவில்லை, மாதந்தோறும் வந்தது. ஆனால், வரும்போதெல்லாம் எங்கோ இருட்டில் இருக்கும் வேறொரு குழந்தையின் முகத்தோடு வந்தது. துக்கத்துக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார் என்று சொல்லலாமா? அப்படித்தான் எனக்குப் படுகிறது.

டோனாவூர் நாட்காட்டியில் இன்னொரு விந்தையும் உண்டு. அங்கு வந்த பல குழந்தைகளுக்குப் பிறந்தநாள் தெரியாது. தெரிந்தாலும் அந்த நாளை மகிழ்ச்சியோடு நினைக்க அவர்களைப் பெற்றவர்கள் யாருமில்லை. ஆகவே குழந்தை டோனாவூருக்கு வந்துசேர்ந்த நாளையே, வந்தநாள் என்று பூக்களோடு கொண்டாடினார்கள். கைவிடப்பட்ட நாளும், ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளும் ஒன்றேயான குழந்தைகள் பலர் அவர்களுள் இருந்திருப்பார்கள். கொண்டாட்டம் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அந்த வீடு தீர்மானித்திருந்தது.

இழப்புகள் அதோடு நிற்கவில்லை. நெய்யூரில் நடத்தப்பட்ட குழந்தைகள் காப்பகத்தில் வயிற்றுக்கடுப்புக் கொள்ளைநோய் பரவிப் பல குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. 1912 ஆகஸ்ட் 24 அன்று வாக்கர் ஐயர் மசூலிப்பட்டினத்தில் காலமானார். அம்மையாருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர், டோனாவூரின் நிர்வாகச் சுமையைத் தாங்கியவர், வழிநடத்தியவர். கூட்டங்கள் நடத்தச் சென்ற இடத்தில் நோயுற்று, சில நாள்களில் மறைந்தார். 1913 ஜூலையில் தாயின் மரணச் செய்தி கடல் கடந்து வந்தது. அதே ஆண்டில் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது.

பொன்னம்மாளைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில், மிஷனரி வரலாறுகளில் வெள்ளையர் பெயருக்குப் பின்னால் நிற்கும் தமிழ்ப் பெண்களை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர் அவர். விதவைக்கு வீட்டின் ஒரு மூலைக்கு அப்பால் இடமில்லாத காலத்தில், அம்மையாரோடு ஊர் ஊராகச் செல்லும் பெண்கள் குழுவில் சேர்ந்தார். நகைகளைக் கழற்றி வைத்தார். அக்காலத் திருநெல்வேலியில் அது குடும்பத்துக்கே தலைகுனிவாகக் கருதப்பட்ட செயல். நெய்யூர்க் காப்பகத்தை நடத்தியவர் அவரே. டோனாவூர் என்ற வீடு அம்மையாரின் கனவால் நின்றது என்றால், அது பொன்னம்மாளின் கைகளால் நடந்தது. நாகர்கோவிலில் அறுவை சிகிச்சை நடந்தது, நோய் திரும்பியது. இரண்டாண்டுத் துன்பத்துக்குப் பின், 1915 ஆகஸ்ட் 26 அன்று அவர் இறந்தார். வாக்கரை இழந்து மூன்றாண்டும் இரண்டு நாளும் ஆகியிருந்தன.

ஆக, 1912-இல் வந்த கிறிஸ்துமஸ் வாக்கர் இல்லாதது. 1913-இல் வந்தது தாய் இல்லாதது. 1915-இல் வந்தது பொன்னம்மாள் இல்லாதது. எங்கள் ஊர் முறைப்படி பார்த்தால் அந்த நான்கு ஆண்டுகளில் மூன்று முறை டோனாவூர் வாசலில் விண்மீன் கட்டியிருக்கக் கூடாது. ஆனால், நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் நிறைந்த வீடு அது. குழந்தைக்குப் பண்டிகையை ஓராண்டு ஒத்திவைக்கத் தெரியாது.

இந்த இடத்தில்தான் அம்மையாரைப் பற்றிய வழக்கமான பிரசங்கங்களோடு எனக்கு உடன்பாடு இல்லாமல் போகிறது. அவர் அழவே அழாத பெண்மணி என்பதுபோலவும், விசுவாசம் இருந்தால் துக்கம் தெரியாது என்பதுபோலவும் சொல்வார்கள். அவருடைய எழுத்து அப்படிச் சொல்லவில்லை. துயரப்படும் மனம் அமைதியைத் தேடிச் செல்லும் வழிகளைப் பற்றி அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அதில் வரும் மனிதன் முதலில் இறந்தோரின் முகங்களை மறக்கப் பார்க்கிறான், முடியவில்லை. பின்பு ஓயாத வேலையால் வெறுமையை நிரப்பப் பார்க்கிறான். அதுவும் பயனற்றுப் போகிறது. மனிதர்களிடமிருந்து ஒதுங்கிப் பார்க்கிறான். இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று தலைகுனிந்து பணிந்தும் பார்க்கிறான். இவை எதிலும் அமைதி இல்லை என்றும், நேர்ந்ததைக் கடவுளின் கையிலிருந்து ஏற்றுக்கொள்வதில்தான் அது இருக்கிறது என்றும் கவிதை முடிகிறது.

பணிதலுக்கும் ஏற்றலுக்கும் இடையே அவர் காணும் வேறுபாடு நுட்பமானது. பணிபவன் தோற்றவன், எல்லாம் முடிந்துவிட்டது என்று கைகளைத் தொங்கவிட்டவன். ஏற்பவனுடைய கை நீண்டிருக்கிறது. ஒன்றை வாங்கிக்கொள்ள அது திறந்திருக்கிறது. தலைவிதி என்று நாம் சொல்வதற்கும், அவன் செயல் என்று நாம் சொல்வதற்கும் இடையிலுள்ள வேறுபாடும் ஏறக்குறைய இதுவே. மறத்தல், வேலை, ஒதுங்குதல், பணிதல் ஆகிய நான்கையும் பட்டு அறியாதவரால் அந்தக் கவிதையை எழுதியிருக்க முடியாது.

டோனாவூரில் அடக்க ஆராதனைகள் பாடல்களோடும் பூக்களோடும் நடந்தன. ஒப்பாரியை நம்பிக்கையற்றோரின் கூக்குரல் என்று மிஷனரிகள் பலர் கருதினார்கள். அந்தக் கருத்தை நான் ஏற்பதில்லை. ஒப்பாரி, இறந்தவரை எதிரே நிறுத்திப் பேசுகிற ஒரு முறை. அதில் நம்பிக்கை இல்லை என்று யார் சொன்னது? ஆனால், டோனாவூர்க் குழந்தைகளுக்கு மரணம் ஓர் அச்சமாகப் பழகக் கூடாது என்று அம்மையார் எண்ணியது புரிகிறது. அந்தக் குழந்தைகள் அச்சத்திலிருந்துதான் வந்திருந்தார்கள்.

1931 அக்டோபர் 24 அன்று வந்த இழப்பு வேறு வகையானது. மருத்துவப் பணிக்காகக் களக்காட்டில் வாடகைக்கு எடுத்த வீட்டைப் பார்வையிட அன்று மாலை சென்றார். சாவி கிடைக்கத் தாமதமாகி, பொழுது சாய்ந்துவிட்டது. கழிப்பறைக்காக வேலையாள்கள் தவறான இடத்தில் தோண்டியிருந்த குழி இருட்டில் தெரியவில்லை. விழுந்ததில் கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது. நெய்யூருக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தார்கள். சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றே எல்லோரும் எண்ணினார்கள். அவர் எழவில்லை. அடுத்த பத்தொன்பது ஆண்டுகளின் பெரும்பகுதி அந்த ஓர் அறையிலும் அதன் தாழ்வாரத்திலும் கழிந்தது. 1948-இல் அறைக்குள்ளேயே மறுபடியும் விழுந்த பிறகு, படுக்கையைவிட்டு நகரவே இயலவில்லை.

காட்டிலும் மலையிலும் குழந்தைகளோடு ஏறித் திரிந்த, அறுபத்து மூன்று வயது வரை ஓய்வென்பதை அறியாத ஒரு பெண்மணிக்கு இது என்னவாக இருந்திருக்கும்? 1933-இல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்று இதற்கு விடையளிக்கிறது. நோயாளிகளுக்காக ஒரு நோயாளி எழுதியது அது. அதில் அவர் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்கிறார். நலமாக இருப்பவர்கள் நோயுற்றவர்களுக்காக எழுதி அனுப்பும் ஆறுதல் பிரசுரங்கள் தமக்கு ஆறுதல் தரவில்லை என்பதே அது. நோயின் உள்ளே இருந்து எழுதப்பட்டவை மட்டுமே தம்மை எட்டின என்கிறார். துக்க வீட்டில் திண்ணையில் அமர்ந்து, எல்லாம் நன்மைக்கே என்று பேசிவிட்டுப் போகும் எவரும் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை. அம்மையாரின் மகிழ்ச்சியை நான் நம்புவதற்கு முதன்மையான காரணம் இந்த எரிச்சல்தான். வலியை வலி என்று சொல்லத் தெரிந்தவர், மகிழ்ச்சியை மகிழ்ச்சி என்று சொல்லும்போது ஐயுறத் தோன்றவில்லை.

படுக்கையில் இருந்தபடியே பதின்மூன்று நூல்கள்வரை எழுதினார். வீட்டில் இருந்தவர்களுக்கு ஓயாமல் குறிப்புகள் எழுதி அனுப்பினார். தாழ்வாரத்துக்கு வரும் பறவைகளைக் கவனித்தார். தமக்குப் பின் பொறுப்பேற்கக்கூடியவர் என்று நம்பி வளர்த்த அருளாயி, சிறுமியாக வந்து அவருடைய வலக்கையாக உயர்ந்தவர், 1939-இல் இறந்தார். எழுபத்தொரு வயதில், எழுந்து நடக்க இயலாத நிலையில், அந்த இழப்பையும் அவர் ஏற்க வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டிலும் இந்த ஆண்டு விண்மீன் பற்றிய பேச்சு எழுந்தது. கடந்த ஆடி மாதத்தில் எங்கள் அம்மா காலமானார். தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர்; கிறிஸ்துமஸ் விண்மீனைக் கடையில் வாங்குவது அவருக்குப் பிடிக்காது; மூங்கில் சீவி, வண்ணத்தாள் ஒட்டித் தாமே செய்வார். கட்டக் கூடாது, ஊர் என்ன சொல்லும் என்றார் அண்ணன். அம்மா செய்த பழைய சட்டம் பரணில் இருக்கிறது, அதையாவது கட்டலாம் என்றாள் தங்கை. எதிர்வீட்டுப் பெரியம்மா, கோயிலுக்குப் போய்வரும் வழியில் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, டீச்சர் கட்டினது டீச்சருக்காகவா, தெருப் பிள்ளைகளுக்காகத்தானே என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கிறிஸ்தவர் அல்லர். அதன்பின் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சட்டத்துக்கு வெள்ளைத்தாள் ஒட்டினோம். பலகாரம் சுடவில்லை. பெரியம்மா வீட்டிலிருந்து வரும் என்று தெரியும்.

கிறிஸ்துமஸ் கதையையே நாம் பாதி மட்டும் படிக்கிறோமோ என்றும் தோன்றுகிறது. மத்தேயு எழுதிய நற்செய்தியில் ஞானியர் வந்துபோன உடனேயே ஏரோதின் வாள் வருகிறது. பெத்லகேமின் ஆண் குழந்தைகள் கொல்லப்படுகிறார்கள். ஆறுதல் பெற மறுக்கும் ஒரு தாயின் அழுகை அங்கேயே பதிவாகிறது. திருச்சபை அந்தக் குழந்தைகளுக்கென டிசம்பர் 28-ஆம் நாளை ஒதுக்கியிருக்கிறது. பிறப்புப் பெருநாளுக்கு மூன்று நாள் கழித்து. குடில் ஜோடிக்கும்போது நாம் ஏரோதை வைப்பதில்லை. அழும் தாய்மாரையும் வைப்பதில்லை. ஆனால், கதையில் அவர்கள் இருக்கிறார்கள். அழுகை இல்லாத இடத்தில் அந்தக் குழந்தை பிறந்ததாக நற்செய்தி சொல்லவே இல்லை. கோயில் வீடுகளிலிருந்து தப்பி வந்த குழந்தைகளை வைத்திருந்த டோனாவூருக்கு இதை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 16-இல் பிறந்த அம்மையார் ஜனவரி 18-இல் இறந்தார். ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு நாள் கணக்கைப் பார்த்தால் முப்பத்து மூன்று நாள். அந்த நாள்களுக்குள் கிறிஸ்து பிறப்பும், குழந்தைகளின் கொலையும், ஞானியரின் விண்மீனும், இந்திரநீலாவின் ஜனவரி ஆறும் அடங்குகின்றன. தற்செயல்தான், ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பருவத்தில் என் மனம் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கிறது.

எங்கள் ஊர்க் கோயிலில் ஓர் ஐதீகம் சொல்வார்கள். பிள்ளைப்பேறு இல்லாத பாண்டிய மன்னன் ஒருவன் இறந்தபோது, ஈமக்கடன் செய்ய யாருமில்லாததால் பால்வண்ணநாதரே மகனாக வந்து அதைச் செய்தார் என்பது அது. சிறு வயதில் இக்கதையைக் கேட்டு வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, மணம் செய்துகொள்ளாத, பிள்ளை பெறாத டோனாவூர் அம்மாவின் அடக்கத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த மன்னன் நினைவுக்கு வருகிறான்.

1951 ஜனவரி 18 அன்று, எண்பத்து மூன்றாம் வயதில், உறக்கத்திலேயே அம்மையாரின் உயிர் பிரிந்தது. தம் கல்லறைமீது கல் எதுவும் நாட்டக் கூடாது என்று அவர் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை மீற அவர் வளர்த்த பிள்ளைகளுக்கு மனமில்லை. ஒன்றுமே வைக்காமல் விடவும் மனமில்லை. தோட்டத்து மரங்களுக்கு நடுவே, அவரைப் புதைத்த இடத்தில், பறவைகள் வந்து நீர் அருந்தவும் குளிக்கவும் ஒரு தொட்டி வைத்தார்கள். பெயர் இல்லை, ஆண்டு இல்லை. அம்மா என்று பொருள்படும் ஒற்றைச் சொல் மட்டும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.